சண்டை போடாத இரண்டு வாரம்

"மூச்சை உள்ள இழுங்கம்மா," என்றாள் யகோடா.

"இழுத்துக்கிட்டுதான்டி இருக்கேன். இதுக்கு மேல இழுத்தா காலையில தின்ன முட்டை வெளிய வந்துடும்."

டோருன் நகர விளையாட்டு அரங்கில் பெண்கள் உடைமாற்றும் அறை. லுட்சினா சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். வாள் போட்டிக்கென்று பஞ்சு வைத்துத் தைத்த கனத்த கறுப்பு மேல்சட்டை. ஜிப் முதுகுப் பக்கம். இன்னொருவர் உதவியில்லாமல் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. யகோடா ஒரு கையால் துணியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஜிப்பை ஏற்றினாள். இடுப்பைத் தாண்டி வந்து, வழக்கம்போலத் தோள்பட்டைக்குக் கீழே நின்றுவிட்டது. லுட்சினாவுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாக சூப் கிண்டியவர். அந்தத் தோளுக்குச் சட்டை தைக்கிற தையல்காரன் இன்னும் பிறக்கவில்லை என்று அவரே சொல்வார். யகோடா முழங்காலை அவர் இடுப்பில் லேசாகக் கொடுத்து இழுத்தாள். ஜிப் ஏறிவிட்டது. கழுத்தோரம் சிக்கியிருந்த நரைமுடியை எடுத்துவிட்டபோது, சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் முழங்கால் கவசம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

காரிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரிப்பினிலிருந்து டோருன் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது, முதல் பெட்ரோல் பங்க் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். பிறகு கோலூப் பாலம். பிறகு காடு முடிகிற இடம். லுட்சினாவோ வழியெல்லாம், பக்கத்து வீட்டுக்காரன் நாயை அவிழ்த்துவிடுவதைப் பற்றியும், போன போட்டியில் தன்னை நாலே அடியில் தோற்கடித்த மருத்துவ மாணவியைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அரங்கின் கார் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியபோது, மாலைக்குள் எப்படியும் சொல்லிவிடுவது என்று யகோடா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கிராக்கோவில் ஒரு கால்நடை மருத்துவமனையில் அவளுக்குச் செவிலியர் வேலை கிடைத்திருந்தது. அதே ஊரில் சிரில் என்று ஒருவன் இருந்தான். டிராம் ஓட்டுகிறவன். வசந்த காலத்தில் நடந்த ஒரு வாள் போட்டியில், அவள் கையுறை கிழிந்துபோனபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தவன். புத்தாண்டு பிறந்ததும் அங்கே போய்விடுவதாக முடிவாகியிருந்தது. சொல்ல வேண்டிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அந்த ஒருவர் அவளுடைய அம்மாவும் இல்லை. சட்டப்படி பார்த்தால் மாமியார்கூட இல்லை. போன வருடமே விவாகரத்து ஆகிவிட்டது.

கல்யாணமான புதிதில் யகோடா லுட்சினாவை எப்படியும் கூப்பிட்டதில்லை. 'அம்மா' என்று அழைக்க நாக்கு புரளவில்லை. பெயர் சொல்லவும் முடியாது. "டீ போடட்டுமா", "கதவு திறந்திருக்கு" என்று ஆளைத் தொடாத வாக்கியங்களாகவே வருடக்கணக்கில் ஓட்டினாள். அந்த ஊரில் பாதி மருமகள்களின் பிழைப்பு அப்படித்தான். கீழ்த்தளத்தில் லுட்சினா, மாடியில் இவளும் கணவன் ராடெக்கும். ராடெக் நார்வேயில் கப்பல் கட்டும் வேலைக்குப் போனான். இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, அங்கே வேறு ஒருத்தியோடு இருப்பதாகவும் இனி வரப்போவதில்லை என்றும் சொன்னான். யகோடா அழவில்லை. கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். லுட்சினா ஏப்ரனோடு மாடியேறி வந்தார். அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"வீட்டை விட்டுப் போனது அவன். நீ எதுக்குடி போகணும்?"

அப்போதுதான் யகோடா முதல் தடவையாக "அம்மா" என்றாள்.

வாள் சண்டை அதற்குப் பிறகு வந்தது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் முனை மழுங்கிய வளைவாளைப் பழைய முறையில் வீசிப் பழகுகிற ஒரு சின்னக் குழு இருந்தது. வேலை முடிந்து காலியான மாடிக்குத் திரும்பப் பிடிக்காமல் ஒருநாள் எட்டிப் பார்த்தவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். பாத்திரம் கழுவும்போது சுருட்டிவிட்ட சட்டைக்கைக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருந்த அடித்தடங்களை லுட்சினா பார்த்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை, சப்பாத்திக் கட்டை போன்ற பெரிய மர உருளையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தெருவின் எதிர்ப்பக்கமாகவே அவளைப் பின்தொடர்ந்து போனார். கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, "எவன்டா அவளை அடிக்கிறது?" என்று கேட்டார். முகமூடி போட்ட பன்னிரண்டு பேர் வாளும் கையுமாக அப்படியே நின்றார்கள். பிறகு விளக்கம் சொல்லி, டீ கொடுத்து, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பயிற்சி முடியும்வரை உட்கார்ந்து பார்த்தார். திரும்பி வரும்போது வழியில் சொன்னார்: "அந்தத் தாடிக்காரன் கையை ரொம்ப நீட்டி வெச்சிருக்கான். நானா இருந்தா அதுலயே போடுவேன்." அடுத்த வாரம் சந்தையில் ஒரு ஊதா நிற டிராக் பேன்ட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

அவர் சொன்னதைச் செய்தும் காட்டினார். கால் வேகம் கிடையாது, மூச்சும் தாங்காது. ஆனால் மணிக்கட்டு ஒன்று இருந்தது. எதிராளி வெட்டுவதற்குக் கையைத் தூக்கும் அந்த நொடியில் லுட்சினாவின் வாள் முனை சூப்பில் கரண்டி திரும்புவதுபோலத் திரும்பி, முன்கையில் பட்டென்று விழும். அதை வைத்தே அங்கங்கே ஒன்றிரண்டு ஆட்டம் ஜெயித்திருக்கிறார். ஆனால் எந்தப் போட்டியிலும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை.

அரங்கின் சுவரில் ஒட்டியிருந்த தாளில் மூன்றாம் குழுவில் இரண்டு பேர் பெயரும் இருந்தன. லுட்சினா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டுச் சிரித்தார். "பாரு, இதுக்கா அறுபது கிலோமீட்டர் பெட்ரோல் போட்டு வந்தோம்? வீட்டு அடுப்படியிலயே முடிச்சிருக்கலாம்."

குழுவில் அவர்களுடைய ஆட்டம் கடைசி. அதற்கு முன்பே யகோடா தன் ஆட்டங்களையெல்லாம் ஜெயித்து அடுத்த சுற்றுக்குத் தேறிவிட்டாள். லுட்சினா ஒன்றில் தோற்று இரண்டில் ஜெயித்திருந்தார். போன தடவை தோற்கடித்த அந்த மருத்துவ மாணவியை இந்தத் தடவை அவர் கையிலேயே அடித்து அடித்து முடித்தபோது, அரங்கின் அந்தப் பக்கம் முழுக்கக் கைதட்டியது. முகமூடியைக் கழற்றியவர் முகம் சிவந்து, குளித்ததுபோல வியர்த்திருந்தது. "இன்னும் ஒண்ணுடி," என்றார் தண்ணீர் குடித்துக்கொண்டே. "இன்னும் ஒண்ணு ஜெயிச்சா நானும் உள்ள." அந்த ஒன்று யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

யகோடா கையுறையை மாட்டியபடி யோசித்தாள். தான் தோற்றால் தனக்கு ஒன்றும் போகப்போவதில்லை. அவர் ஜெயித்தால் அது ஊரெல்லாம் சொல்லித் திரிகிற சந்தோஷம். மாவுக்கடைக்காரியிடம், பாதிரியாரிடம், அந்த நாய்க்காரனிடம்கூட. அந்தச் சந்தோஷத்தோடு சேர்த்துச் சொன்னால், சொல்ல வேண்டியது கொஞ்சம் மெதுவாக இறங்குமோ என்னவோ. இப்படி நினைத்ததே அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. கோட்டில் போய் நின்று, வாளை முகத்துக்கு நேராக உயர்த்தி வணக்கம் வைத்தாள். எதிரே, கம்பி வலைக்குப் பின்னால், லுட்சினாவின் கண்கள் தெரியவில்லை.

தலைக்கும் உடம்புக்கும் இரண்டு புள்ளி, கைக்கு ஒன்று. ஏழு வந்தால் முடிந்தது. நடுவர் இளைஞன், கழுத்தில் விசில். இரண்டு பக்கமும் சிவப்புக் கொடியும் நீலக் கொடியுமாகத் துணை நடுவர்கள்.

"தொடங்கு!"

யகோடா ஒரு அடி முன்னால் வைத்து, கையை வேண்டுமென்றே கொஞ்சம் நீட்டினாள். பட். ஒன்று. மறுபடி கோடு. தலைக்கு வெட்டுவதுபோல வாளை அகலமாகத் தூக்கி, தேவைக்கு மேல் ஒரு கணம் அங்கேயே நிறுத்தினாள். லுட்சினாவின் வாள் அவள் விலாவில் இறங்கியது. இன்னும் இரண்டு, மொத்தம் மூன்று. கொடிகள் உயர்ந்தன. பக்கத்திலிருந்து யாரோ "சபாஷ் பாட்டி!" என்று கத்தினார்கள். மூன்றாவது தடவை யகோடா அதே மாதிரி கையை நீட்டியபோது லுட்சினா அடிக்கவில்லை. வாள் பாதி வழி வந்து நின்றது. அவர் ஒரு அடி பின்னால் போனார். இன்னொரு அடி. பிறகு இடது கையை உயர்த்தி முகமூடியைக் கழற்றிவிட்டார்.

"நிறுத்து!" என்றான் நடுவர். ஓடி வந்தான். "அடிபட்டுச்சா மேடம்?"

"அடி எதுவும் படல. அதான் பிரச்சினையே. இவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"ஆட்டத்துக்கு நடுவுல பேசக் கூடாது மேடம்."

"அப்ப கடிகாரத்தை நிறுத்து தம்பி. வயசானவ, கையுறை வார் அவுந்துபோச்சுன்னு எழுதிக்கோ."

நடுவர் துணை நடுவர்களைப் பார்த்தான். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு அவனும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றான்.

லுட்சினா கிட்டே வந்தார். யகோடா முகமூடியைக் கழற்றவில்லை.

"எங்க போற?"

"என்னம்மா?"

"எங்க போறன்னு கேட்டேன். ரெண்டு வாரமா நீ என்கூட சண்டை போடல. சூப்புல உப்பு அதிகம்னு சொல்லல. நான் ரேடியோவைச் சத்தமா வெச்சா மேல இருந்து தரையைத் தட்டல. போன சனிக்கிழமை நான் கேக்காமலே ஜன்னல் எல்லாம் துடைச்சு வெச்சிருக்க. இப்ப என்னடான்னா, இந்தா அடிச்சுக்கோன்னு கையை நீட்டுற." அவர் குரலைத் தாழ்த்தினார். "ராடெக்கும் கடைசியா கிளம்பறதுக்கு முன்னாடி இப்படித்தான். புகைபோக்கியைச் சுத்தம் பண்ணான். கூரைத் தகரத்தை மாத்தினான். குளிர்காலம் முழுக்க வர்ற கரியைக் கொண்டுவந்து கொட்டினான். நானும் பெத்த பையனுக்கு எவ்வளவு அக்கறைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. விட்டுட்டுப் போறவங்கதான் அவ்வளவு நல்லவங்களா இருப்பாங்க."

யகோடா வாள் முனையைத் தரையில் ஊன்றினாள். "கிராக்கோவ்," என்றாள்.

"எப்ப?"

"ஜனவரி."

"ஆளு இருக்கானா, வேலை மட்டுமா?"

"ரெண்டும்."

லுட்சினா தலையாட்டினார். முகத்தில் கோபம் இல்லை. அடுப்பில் ஏதோ அடிபிடித்துவிட்டது, ஆனால் பாத்திரம் தப்பித்தது என்பதுபோல ஒரு பார்வை. அரங்கின் மறுகோடியில் ஒரு ஆட்டம் முடிந்து கூச்சல் எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"சரி. போ. போகாதன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தோத்துக்குடுத்துட்டுப் போகாதடி. அவன் கரி கொட்டினான், நீ இதைக் கொட்டாத. என்னை நிஜமா அடி."

முகமூடியை மாட்டிக்கொண்டு தன் கோட்டுக்குப் போனார். "வாரைக் கட்டியாச்சு தம்பி," என்றார் நடுவரிடம்.

யகோடாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகமூடிக்குள் கையை விட்டுத் துடைக்கவும் முடியாது. கம்பி வலையும் லுட்சினாவும் விளக்குகளும் கலங்கித் தெரிந்தன. கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, தாடைப் பட்டையில் ஊறியது.

"தொடங்கு!"

இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. இடது பக்கம் போவதுபோலக் காட்டி, லுட்சினாவின் வாள் அங்கே திரும்பியதும் உச்சந்தலையில் வைத்தாள். முகமூடி மணியடித்ததுபோல ஒலித்தது. "ஆங்!" என்றார் லுட்சினா உள்ளேயிருந்து, ருசி பார்த்தவர்போல. அடுத்தது கையில் வாங்கினாள், எரிந்தது. அடுத்தது கொடுத்தாள். லுட்சினா மூச்சிரைத்தார், ஆனால் பின்வாங்கவில்லை. ஊதா டிராக் பேன்ட் கால்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தபடியே இருந்தன. யகோடா அவரை இவ்வளவு நன்றாக ஆடிப் பார்த்ததில்லை. தானும் இவ்வளவு நன்றாக ஆடியதில்லை என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். எதை எப்போது செய்வார் என்பது ஒருவருக்கொருவர் அத்துப்படி. அதனாலேயே ஒவ்வொரு அடிக்கும் புதிதாக ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் களங்களில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஐந்துக்கு ஐந்து. யகோடா தாழ வந்து, இரண்டு வாள்களும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி, பிரிகிற நேரத்தில் அவளுடைய வாள் லுட்சினாவின் இடுப்போரம் உரசியது. கொடிகள் எழவில்லை. ஒரு துணை நடுவர் பார்க்கவில்லை என்று கண்ணை மூடிக் காட்டினார். இன்னொருவர் தோளைக் குலுக்கினார். "புள்ளி இல்லை," என்று நடுவர் சொல்லத் தொடங்கும்போதே லுட்சினா கையைத் தூக்கிவிட்டார்.

"பட்டுச்சு."

"நாங்க யாரும் பார்க்கல மேடம்."

"நீங்க பார்க்கலைன்னா எனக்கு வலிக்காம போயிடுமா? பட்டுச்சு. இடுப்புல. எழுது."

ஏழுக்கு ஐந்து. லுட்சினா முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கை கொடுத்தார். கை கொடுத்தவர் விடவில்லை. பஞ்சு வைத்த இரண்டு மேல்சட்டைகளும் ஒன்றோடொன்று மோதின. கனமான துணிகளுக்கு நடுவே ஒருவர் உடம்பு ஒருவருக்குத் தெரியக்கூட இல்லை. வியர்வை வாசனையும் லுட்சினாவின் தலையில் எப்போதும் இருக்கிற வெங்காய வாசனையும் மட்டும் தெரிந்தன. "சிரிச்சுத் தொலை," என்றார் காதருகில். "நான்தான் தோத்திருக்கேன், நீ அழற."

அடுத்த சுற்றில் யகோடாவின் ஓரத்தில் நின்று லுட்சினா போட்ட சத்தத்துக்கு நடுவர் இரண்டு தடவை எச்சரித்தார். "காலை நகத்துடி! கண்காட்சிக்கா வந்திருக்க?" யகோடா ஒன்றில் ஜெயித்து, அதற்கடுத்ததில் தோற்றாள். தோற்கடித்தவள் நல்லவள், கடைசியில் வந்து இருவருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனாள்.

அரங்கத்து உணவகத்தில் முட்டையும் தொத்திறைச்சியும் மிதக்கிற புளித்த மாவு சூப் வாங்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். லுட்சினா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பு கம்மி," என்றாள் யகோடா.

"கம்மிதான். இங்க எவனும் சமைக்கத் தெரிஞ்சு வரல." கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "அவன் வாள் வீசுவானா?"

"வீசுவான்."

"எப்படி?"

"தைரியம் இருக்கு. தடுக்கிறதுல கொஞ்சம் மெதுவு."

"அப்ப கையில போடலாம்." ஏதோ ஒரு வேலை முடிந்ததுபோலச் சொன்னார். "கூட்டிக்கிட்டு வா. கிறிஸ்மஸுக்கு வரட்டும். கெண்டை மீன் சாப்பிடுவானா?"

"எல்லாம் சாப்பிடுவான்."

"அம்மா இருக்காளா அவனுக்கு?"

"இருக்காங்க."

லுட்சினா சூப்பைக் கலக்கினார். கரண்டி கிண்ணத்தின் ஓரத்தில் வெகுநேரம் சுற்றியது. "அவளை என்னன்னு கூப்பிடப்போற?"

யகோடா யோசித்துப் பார்க்காத கேள்வி. "தெரியலம்மா. இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடல."

"அவசரப்படாத," என்றார் லுட்சினா, கிண்ணத்தைப் பார்த்தபடியே. "பேர் சொல்லிக் கூப்பிட்டா கூடப் போதும். இந்தக் காலத்துல அதெல்லாம் தப்பில்ல."

கிளம்பும்போது மணி நாலு. நவம்பர் இருட்டு அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. வாள் பைகளைப் பின்னால் போட்டுவிட்டு ஏறினார்கள். கோலூப் சாலையில் திரும்பியதும் முன்னால் ஒரு லாரி வந்து மாட்டியது. அறுவடை செய்த பீட்ரூட் கிழங்குகளைக் கூரை இல்லாத பின்பகுதியில் மலையாகக் குவித்துக்கொண்டு, மேட்டில் முனகி முனகி ஏறியது. சேறு படிந்த பின்விளக்குகளில் ஒன்றுதான் எரிந்தது. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக விளக்கைச் சிமிட்டி, யகோடாவையும் லாரியையும் சேர்த்துத் தாண்டிப் போயின. எதிரே சாலை காலியாகத்தான் இருந்தது. அவள் இண்டிகேட்டரைத் தொட்டாள்.

"முந்தாத," என்றார் லுட்சினா. தலையை இருக்கையில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். "என்ன அவசரம்?"

யகோடா இண்டிகேட்டரிலிருந்து விரலை எடுத்தாள். சீட்டுகளுக்கு நடுவே கிடந்த லுட்சினாவின் வலது கை, முட்டிகள் வீங்கிச் சிவந்து, உள்ளங்கை மேலே பார்க்கத் திறந்திருந்தது. மூன்றாவது கியரில் கார் மெல்ல உறுமியது. ஒரு வளைவில் லாரி குலுங்கியபோது குவியலின் உச்சியிலிருந்து ஒரு கிழங்கு உருண்டு, சாலையோர இருட்டுக்குள் விழுந்தது. இரண்டு பக்கமும் உழுத வயல்கள். அந்த ஒற்றைச் சிவப்பு விளக்குக்குப் பின்னால், லாரி எவ்வளவு மெதுவாகப் போகுமோ அவ்வளவு மெதுவாக, அவள் ஓட்டிக்கொண்டு போனாள்.